மாப்பிள்ளை மெத்தையில் ஒரு பரிசோதனை

அன்று புத்தளம் ரயில் நிலையத்துக்குள் முதலில் வந்தது ஒரு மெத்தை. சிவப்பு வெல்வெட். ஓரமெல்லாம் பொன் சரிகை, நாலு மூலையிலும் குஞ்சம். அதைத் தலையில் தூக்கிவந்தவரின் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சாரமும் செருப்பும்தான் தெரிந்தன. அதற்குப் பின்னால் அத்தர் வாசம் வந்தது. அதற்கும் பின்னால் ஹாஜியார் வந்தார்.

அந்த மெத்தையை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஹாஜியார் வீட்டு மாப்பிள்ளை மெத்தை. நிக்காஹ் அன்று மாப்பிள்ளை அமர்வதற்கென்று வாங்கியது. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இரவல் போகும், அடுத்த நாள் வெயிலில் காய்ந்து வீடு திரும்பும்.

ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளை எவரும் இல்லை. எங்கள் ரயில் பெட்டிகளின் ஸ்பிரிங் செத்துவிட்டது, பயணிகளைப் போட்டுக் குலுக்குகிறது என்று நாங்கள் முறைப்பாடு செய்திருந்தோம். அது உண்மையா என்று ஏறி இருந்து பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய எஞ்சினியர் வந்திருந்தார். குலுக்கத்தைப் பார்க்க வந்தவருக்குக் குலுக்கம் தெரியாமல் இருக்க, முறைப்பாடு செய்த நாங்களே மெத்தை கொண்டுபோனோம்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கட்டையில் இருந்து தேத்தண்ணி

சென்ற கிழமை இந்தப் பத்தியில் என் உத்தியோகத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்க எஞ்சினியரா?" என்று ஒரு வாசகர் மரியாதையாகக் கேட்டார். இல்லை ஐயா. நான் ஸ்டோர் கீப்பர். ரயில் பெட்டிகளுக்கு வேண்டிய சாமான்களை அடுக்கி வைத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்து, கேட்காதவர் களவெடுக்காமல் பார்த்துக்கொண்டு தலை நரைத்தவன். எங்கள் ஊரில் என் பெயரே "ஸ்டோர் நானா" என்றாகிவிட்டது; நானா என்றால் எங்களுக்கு அண்ணன். என் சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில்தான் மிச்சம்.

அந்தச் சாமான்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். இப்போது ஓடும், எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாகக் கோத்த பவர் செட் ரயில்களில் பெட்டி நேரடியாகச் சில்லுகளின் மேல் இருப்பதில்லை. பெட்டிக்கும் சில்லுச் சட்டத்துக்கும் நடுவில் காற்றடைத்த ரப்பர் பைகள் இருக்கும். ஷெட்டில் அதைப் "பலூன்" என்போம். எங்கள் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் என்பதே இதுதான். தண்டவாளத்தின் மேடு பள்ளத்தை அந்தக் காற்று வாங்கிக்கொள்ளும். மேலே இருப்பவர் மடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு போகலாம்.

பலூன் வெடித்தால் என்ன செய்வது? அதற்கும் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். பலூனுக்குள்ளே தடித்த ரப்பர் கட்டை ஒன்று இருக்கும். காற்றுப் போனால் பெட்டி இறங்கி அந்தக் கட்டையில் குந்திக்கொள்ளும். கவிழாது, சரியாது. மெதுவாக ஓட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்து பலூனை மாற்றிவிட வேண்டும். கட்டையின் வேலை அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரைக்கும் தாங்குவது.

கழித்துப்போட்ட கட்டைகளை நாங்கள் ஸ்டோரில் கதிரைக்குப் பதிலாகப் போட்டிருந்தோம். அதில் இருந்துதான் தேத்தண்ணி குடிப்போம். ஆகவே அதன் மென்மையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. ஒரு தேத்தண்ணி முடியுமுன் எழும்பிவிடுவோம்.

"ஏற லேசா இரிக்கி"

எங்கள் பாதையில் ஓடும் பெட்டிகளில் பலூன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. வெடித்ததற்குப் பதில் புதிது வரவில்லை. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கட்டை என்றால் பெட்டி சரியும் அல்லவா, அதனால் மற்றப் பக்கத்துக் காற்றையும் இறக்கிவிட்டார்கள். பெட்டி முழுவதும் கட்டையில் குந்தியது. "கொஞ்ச நாளைக்கு" என்றார்கள். ஓட்டுநருக்கு மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

இதை எங்கள் சனம் எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? பெட்டி கட்டையில் இறங்கியபோது படியும் நாலு விரல் இறங்கியது. உப்பு மூட்டையோடு ஏறுகிறவரும், பிள்ளையை இடுப்பில் வைத்து ஏறுகிறவரும், "இப்ப ஏற லேசா இரிக்கி" என்று சந்தோஷப்பட்டார்கள். ரயில் இலாகா எங்களுக்காகவே படியைப் பதித்துக் கொடுத்தது என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். செத்த மாட்டில் பால் கறந்தோம் என்று சந்தோஷப்படுகிற சாதி இது. இலாகாவை மட்டும் ஏசிப் பயனில்லை.

எனக்கு இந்தக் "கொஞ்ச நாள்" புதிதல்ல. தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்துக்குப் பக்கத்தில் தில்லையடியில் இறங்கியபோது, எங்களுக்குக் கிடுகுக் கொட்டில் போட்டுத் தந்தவர்களும் "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கொட்டிலில் எனக்குப் பிள்ளைகள் பிறந்தன, நடந்தன, பள்ளிக்கூடம் போயின. அவசரத்துக்கென்று கொடுத்ததில் ஆள் செத்துப்போகாவிட்டால், கொடுத்தவர் அதையே போதும் என்று நினைத்துக்கொள்கிறார். சாகாமல் இருந்தது எங்கள் பிழை.

ஹாஜராவின் புதன்கிழமை

நான் முறைப்பாட்டில் இறங்கியது ஊருக்காக அல்ல, என் மனைவி ஹாஜராவுக்காக. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் ஒப்பரேஷன் செய்திருந்தாள். இடது காலில் பாதி உணர்வு போயிருந்தது. சிலாபம் ஆஸ்பத்திரியில் கிழமைக்கொரு தரம் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விடாமல் வந்தால் கால் திரும்பும், தனியாக நடக்கலாம் என்றார் டொக்டர். பஸ்ஸும் த்ரீவீலும் கூடாது, ரயிலில் குலுங்காமல் வாருங்கள் என்றும் சொன்னார். பாவம், அவர் எங்கள் ரயிலைப் பார்த்ததில்லை.

ஆனாலும் மெதுவாக ஓடியதால் போய்வர முடிந்தது. புதன்கிழமைக் காலை ரயிலில், ஊர் வாயில் சொன்னால் கோச்சியில், சனமே இருக்காது. வெறும் பெட்டி கட்டையின் மேல் கல்லுப் போலத்தான் போகும். ஹாஜரா யன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கண்ணை மூடிக்கொண்டு வருவாள். மதுரங்குளி தாண்டும்போது ஓதத் தொடங்குவாள். சிலாபத்தில் இறங்கியதும் முதல் வேலையாக இலாகாவின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பாள். அவள் வாய்க்கு முன்னால் என் பேனா ஒன்றுமேயில்லை.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. ஒருநாள் குசினியிலிருந்து முற்றம்வரை சுவரைத் தொடாமல் வந்து நின்று, "இஞ்சாருங்க, பாத்தீங்களா" என்றாள். நான் பார்த்தேன். என் கண் கலங்கியது, அதை மறைக்க வெயிலைக் குறை சொன்னேன்.

கூட்டத்தில் என் கதை எடுபடவில்லை

ஹாஜியார் பழைய புத்தளத்து ஆள். உப்பு வியாபாரம், சொந்தத்தில் லொறிகள், எங்கள் பயணிகள் சங்கத்தின் தலைவர். கெட்டவர் இல்லை. யாராவது ஒரு பெரிய மனிதர் ஊருக்குள் கால் வைத்தால் மட்டும் அவருக்குப் புத்தி கழன்றுவிடும்.

எஞ்சினியர் வருகிறார் என்று தெரிந்ததும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். நான் எழும்பி ஒரேயொரு விஷயம் கேட்டேன். "அவரப் புதன்கிழமை காலமே வரச் சொல்லுங்க. வெறும் கோச்சியில, தனிய, சிலாபம் வரைக்கும் போய் வரட்டும்."

"தனியவா?" என்றார் ஹாஜியார். "நானா, விருந்தாளியத் தனிய அனுப்புறதா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு வரச் செல்லுவம். ஊரே ஃப்ரீ. சஹன் வெச்சுச் சாப்பாடு குடுத்து, எல்லாரும் கூடவே கோச்சியில கிட்டத்துப் பாலாவி வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வருவம்."

"ஹாஜியார், ஒங்கட வெறும் லொறி பள்ளத்தில எப்பிடிப் போகும்?"

"துள்ளும்."

"உப்பு ஏத்தினா?"

"அமந்து போகும்."

"அப்ப கோச்சிய நிரப்பினா ரப்பர் கட்டையும் அமுங்கித்தானே போகும். அவருக்கு என்ன குலுக்கம் தெரியும்?"

ஹாஜியார் யோசித்தார். புரிந்தது என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: "நானா, நீங்க செல்றது சரி. ஆனா ஆள் இல்லாத கோச்சியக் காட்டினா, இந்த ஊருக்குக் கோச்சியே தேவையில்லண்டு நெனச்சிருவார். மத்தது, மரியாதண்டு ஒண்டு இரிக்கி."

கூட்டம் தலையாட்டியது. ஹஜ்ஜுக்குப் போகிறவரைப் பாதி வழி கூடப் போய் அனுப்புகிற ஊர் இது. அந்த வழக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவரும் ஸ்பிரிங் பார்க்க வருகிறவரும் ஒன்றா என்று கேட்டேன். அதற்குள் சஹனுக்கு, அதாவது பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுக்கு, ஆட்டிறைச்சியா கோழியா என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஆடுதான் வென்றது.

பாலாவி வரைக்கும்

எஞ்சினியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சஹனில் எங்களோடு நிலத்தில் குந்தி, கையால் சாப்பிட்டார். வட்டிலப்பம் இரண்டாம் தரமும் வாங்கினார். மாலை போட்டார்கள். பிறகு நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள். முன்னால் மெத்தை, பின்னால் ஊர்.

பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதும், பலூன் தட்டையாகக் கிடப்பது குழந்தைக்கும் தெரியும். அவர் குனியத்தான் செய்தார். அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன். குனிந்ததும் மாலை முன்னால் தொங்கி முகத்தை மூடியது. அதை ஒதுக்குமுன் ஹாஜியார் பாய்ந்துபோய், "சேர், உடுப்பு ஊத்தையாகும்" என்று கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். நிமிர்ந்தவர் பிறகு குனியவில்லை. ஆட்டிறைச்சிச் சோற்றுக்குப் பிறகு இரண்டு தரம் குனிய யாருக்கு மனம் வரும்?

பெட்டி நிரம்பி வழிந்தது. ஸலாம் சொல்ல வந்தவர்கள், சும்மா வந்தவர்கள், ஜும்ஆவிலிருந்து நேரே வந்தவர்கள், பாலாவியில் உறவினர் வீடு இருப்பது அன்றுதான் ஞாபகம் வந்தவர்கள். நடுவில் யன்னலோரம் மாப்பிள்ளை மெத்தை. அதன்மேல் எஞ்சினியர்.

ரயில் கிளம்பியது. அந்தப் பாதையில் அவ்வளவு அமைதியாக ஒரு பயணம் நான் போனதில்லை. கட்டை அமுங்கி, பெட்டி உப்பு லொறி போல அமர்ந்து போனது. எஞ்சினியர் சுற்றிலும் பார்த்து, சிங்களத்தில் "ஹொந்தாய் நே" என்றார். நல்லாத்தானே இருக்கிறது என்று அர்த்தம். "ஓம் சேர், ஓம் சேர்" என்று எங்கள் சங்கம் மொத்தமும் தலையாட்டியது. முறைப்பாட்டில் கையெழுத்து வைத்த அதே தலைகள்.

நான் சனத்தை இடித்துக்கொண்டு போய்ச் சிங்களத்தில் சொன்னேன். "சேர், ஒரு நிமிஷம் இந்த மெத்தையை எடுத்துவிட்டு இருந்து பாருங்கள்." ஹாஜியார் என் காலை மிதித்தார், நன்றாகவே மிதித்தார். எஞ்சினியர் சிரித்து, இவ்வளவு அன்பாகப் போட்டதை எப்படி எடுப்பது என்றார். தில்லையடியில் என் வீட்டைத் தாண்டும்போது அவர் கண் சொக்கியது. பாலாவி வந்தபோது ஹாஜியார்தான் தோளைத் தொட்டு எழுப்பினார். வெளியே எஞ்சினியரின் ஜீப் நின்றது.

ஒரு பெட்டி குலுக்கவில்லை என்பதற்கு, அதைப் பரிசோதிக்க வந்தவர் அதிலேயே நித்திரை கொண்டதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

வேகம் கூடியது

கொஞ்ச நாளில் ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். பயணிகளின் வசதி திருப்தி. அவசரமாக ஸ்பிரிங் மாற்றத் தேவையில்லை. ஸ்பிரிங் நன்றாக இருப்பதால் மெதுவாக ஓட்டும் கட்டுப்பாடும் தேவையில்லை.

ஊரில் ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா நானா," என்றார் ஹாஜியார், "பெரியவர் வந்துட்டுப் போன கையோட கோச்சி ஸ்பீடாப் போகுது." என் வாயில் வந்த வார்த்தைகள், நாங்கள் நின்ற பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சொல்லத்தக்கவை அல்ல.

அடுத்த புதன்கிழமை வழக்கம்போல நானும் ஹாஜராவும் ஏறினோம். வெறும் பெட்டி, வெறும் கட்டை, முழு வேகம். பாலாவி தாண்டியதும் அவள் யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். மதுரங்குளியில் அவள் ஓதவில்லை. அப்போதே நான் பயந்தேன். முந்தல் வரும்போது உதட்டைக் கடித்திருந்தாள். நெற்றி வேர்த்து, முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இறங்குவம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முந்தல் மேடையில் ஆட்கள் குந்தும் வாங்கில் படுக்க வைத்தேன். இடது பாதத்தைத் தேய்த்தேன். "தெரியுதா?" என்றேன். "தெரியல்ல" என்றாள். பின்னேரம் திரும்பி வந்ததும் அதே ரயிலில்தான். வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தச் சிவப்பு மெத்தை. ஹாஜராவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார். "ராத்தா, கிளினிக் போகக்குள்ள இதில இருந்து போங்க. கல்யாணம் ஒண்டும் இப்ப இல்ல. ஒங்களிட்டயே இரிக்கட்டும்." உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது, வாய்விட்டு ஏசவும் முடியவில்லை.

ஹாஜரா மெத்தையைப் பார்த்தாள். "ஹாஜியார், இத எனக்குக் கீழ வெச்சு என்ன, கோச்சிக்குக் கீழ வைங்க" என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். சில புதன்கிழமைகள் அதில் இருந்து போனாள். குந்தும் இடத்துக்கு மெத்தை சுகம்தான். முள்ளந்தண்டுக்கு அது தெரியாது. பிறகு ஒரு புதன்கிழமை நான் உடுத்திக்கொண்டு வந்தபோது அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "இனி ஏலாது" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. முந்தல் வாங்கில் அவள் முகத்தைப் பார்த்தவன் நான்.

மெத்தை வீடு திரும்பியது

போன மாதம் ஹாஜியார் மறுபடி வந்தார். அத்தர் வாசம் கேற்றிலேயே வந்துவிட்டது. நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"ராத்தா, கோவிக்கக் கூடாது. அந்த மெத்த கொஞ்சம் தேவப்படுது. இன்னொரு பெரியவர் வாறார், முந்தி வந்தவரைவிடப் பெரியவர். இன்னும் ஒரு கோச்சி கேக்கப்போறம்."

ஹாஜரா சுவரைப் பிடித்து எழும்பினாள். இப்போது சுவர் இல்லாமல் அவள் எழும்புவதில்லை. அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த மெத்தையை ஒரு கையால் தூக்கித் தூசி தட்டி அவரிடம் கொடுத்தாள்.

"கொண்டுபோங்க. எனக்கு இனித் தேவையில்ல. நான் இப்ப கிளினிக் போறதில்ல."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "அப்ப சொகமாகிட்டுதா ராத்தா?"

ஹாஜரா மறு கையையும் சுவரில் வைத்தாள். கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. மெத்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, பெரியவரிடம் இந்தச் சந்தோஷமான செய்தியையும் சொல்லவேண்டும் என்று சொல்லியபடியே கேற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சஹன் முடிந்து, அவர்கள் எல்லோரும் பாலாவிக்குப் போனார்கள். நான் போகவில்லை. எங்கள் வீட்டு யன்னலிலிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். ஹாஜரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். ரயில் வந்தது. கதவெல்லாம் தொங்கிக்கொண்டு சனம், யன்னலோரம் சிவப்பு வெல்வெட்டின் ஒரு மூலை, அதன் குஞ்சம். எங்களைத் தாண்டிப் போய்ப் பனை மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை ஹாஜரா பார்த்தாள்.

"ஆடாமத்தானே போகுது" என்றாள்.